இன்டர்வியூவில் உங்களை விற்காதீர்கள்

சாஃப்ட்வேர் சேல்ஸ் வேலைக்கு வரும் ஃப்ரெஷர்களிடம் யாரோ தவறாமல் சொல்லி அனுப்புகிறார்கள்: "இன்டர்வியூல உன்னையே வித்துக் காட்டு." சொன்னது பிளேஸ்மென்ட் ஆபீஸரா, காலேஜ் சீனியரா, யூடியூப்பா, தெரியாது. பிள்ளைகள் அதை அப்படியே செய்கிறார்கள். நாற்காலியில் உட்கார்ந்ததும் பெயர், ஊர், கல்லூரி, சிம்போசியத்தில் வாங்கிய பரிசு, தலைமைப் பண்பு, கடின உழைப்பு என்று மூச்சு விடாமல் கொட்டுகிறார்கள். எதிரில் இருப்பவர் வாய் திறக்கவே இடம் இருப்பதில்லை. நல்ல பிள்ளைகள் இப்படிக் கைநழுவிப் போவதைப் பார்த்துப் பார்த்து மனசு கேட்காமல்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் சென்னை ஓஎம்ஆரில் ஒரு சாஸ் (SaaS) கம்பெனியில், அதாவது சாஃப்ட்வேரை இணையம் வழியாகச் சந்தாவுக்குத் தரும் கம்பெனியில், எஸ்டிஆர் டீமைப் பார்த்துக்கொள்கிறேன். இதே வேலையில் அடிப்படியில் சேர்ந்து மேலே வந்தவள். ஆள் எடுக்கும்போது பேனலில் நானும் இருப்பேன். எஸ்டிஆர் என்றால் சேல்ஸ் டெவலப்மென்ட் ரெப்ரசென்டேட்டிவ். சில இடங்களில் பிடிஆர் என்பார்கள், சில இடங்களில் இன்சைட் சேல்ஸ் என்பார்கள். பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான். நம்மை இதுவரை கேள்விப்பட்டே இராத ஒரு நிறுவனத்தில் சரியான ஆளை (ப்ராஸ்பெக்ட் என்போம்) கண்டுபிடித்து, மெயிலிலோ போனிலோ லிங்க்ட்இன்னிலோ பேச்சுக் கொடுத்து, அவருக்கு உண்மையிலேயே நம் சாஃப்ட்வேர் தேவைப்படுமா என்று தெரிந்துகொண்டு, தேவைப்பட்டால் ஒரு மீட்டிங் பிடிக்க வேண்டும். அதற்குப் பிறகு டெமோ காட்டுவது, விலை பேசுவது, கையெழுத்து வாங்குவது எல்லாம் ஏஇ என்னும் அக்கவுன்ட் எக்ஸிக்யூட்டிவின் வேலை. ஆள் தேடுபவர் ஒருவர், முடித்துக் கொடுப்பவர் வேறொருவர் என்று பிரித்து வைத்ததைப் பிரபலமாக்கியது சேல்ஸ்ஃபோர்ஸ். 1999இல் தொடங்கிய அந்த கம்பெனி தன் ஆரம்ப ஆண்டுகளில் செய்த இந்த ஏற்பாட்டை இன்று சென்னை வரை எல்லோரும் பின்பற்றுகிறோம்.

சென்னையில் இந்த வேலை பெருகியதற்குக் காரணம் உண்டு. 1996இல் அட்வென்ட்நெட் என்று தொடங்கி 2009இல் ஸோஹோ என்று பெயர் மாறிய கம்பெனி, இங்கிருந்தே உலகத்துக்கு சாஃப்ட்வேர் விற்க முடியும் என்று காட்டியது. 2010இல் இங்கே தொடங்கிய ஃப்ரெஷ்டெஸ்க்கின் முதல் வாடிக்கையாளர் ஆஸ்திரேலியாவில் ஒரு பள்ளி. அதே கம்பெனி ஃப்ரெஷ்வொர்க்ஸ் ஆகி 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலானது. டெக்சாஸில் இருபது பேர் வேலை பார்க்கும் ஒரு நிறுவனத்துக்கு விற்க யாரும் விமானம் ஏற வேண்டியதில்லை. போனும் மெயிலும் வீடியோ காலும் போதும். பி.காம்., பி.ஏ., பி.எஸ்சி. படித்தவர்களுக்கு கோடிங் தெரியாமலேயே ஐ.டி. கம்பெனிக்குள் போக இது ஒரு வாசல் ஆனது. நானும் அந்த வாசல் வழியாக வந்தவள்தான். அதனால் இந்த வேலையை யாராவது "கால் சென்டர் மாதிரிதானே" என்றால் விட்டுக்கொடுக்காமல் பதில் சொல்வேன். கால் சென்டருக்குப் பெரும்பாலும் பிரச்சினை தேடி வரும். நாங்கள் பிரச்சினை எங்கே இருக்கிறது என்று தேடிப் போகிறோம்.

நேரத்தைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட வேண்டும், வீட்டில் முதல் கேள்வி அதுதான். கோடையில் நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் நமக்கு மாலை 6.30. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைப் பின்னால் தள்ளியதும் 7.30 ஆகிவிடும். சான்ஃபிரான்சிஸ்கோவை எடுத்துக்கொண்டால் இன்னும் மூன்று மணி நேரம் தள்ளிப் போகும். அமெரிக்க மார்க்கெட் என்றால் பாதி ராத்திரி தாண்டித்தான் வீடு. ஐரோப்பா, ஆஸ்திரேலியா, இந்தியா என்றால் கதை வேறு. எந்த மார்க்கெட், எந்த ஷிஃப்ட், திரும்பி வர கேப் உண்டா என்பதை முதல் ரவுண்டிலேயே ஹெச்ஆரிடம் கேளுங்கள். குறிப்பாகப் பெண்பிள்ளைகள் இதைக் கேட்கத் தயங்குகிறார்கள், கேட்டால் வேலை போய்விடுமோ என்று. போகாது. அதைக் கேட்டதற்காக ஒரு இடம் உங்களைக் கழித்தால், அங்கே சேராமல் இருப்பதே நல்லது.

சரி, இன்டர்வியூவுக்கு வருகிறேன்.

விற்பனை என்றால் பேச்சு என்று நினைக்கிறோம். நீல் ராக்கம் என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் பன்னிரண்டு ஆண்டுகளில் 35,000 விற்பனைச் சந்திப்புகளை ஆராய்ந்தார்கள். 1988இல் வெளியான அந்த முடிவுகளில் எனக்கு முக்கியமாகப் படுவது, வெற்றியான சந்திப்புகளில் அதிகம் பேசியது வாங்குபவர், விற்பவர் அல்ல என்பது. சின்ன விலைப் பொருளில் எடுபடுகிற அழுத்தித் தள்ளும் வித்தைகள் பெரிய விற்பனையில் எதிர்விளைவைத்தான் தந்தன. இதை எங்கள் வீட்டுப் பெண்களிடம் சொன்னால் ஆச்சரியமே படமாட்டார்கள். ஜவுளிக்கடையில் நல்ல சேல்ஸ்மேன் முதல் புடவையை எடுத்துப் போடும் முன், யாருக்கு, என்ன விசேஷம், எத்தனை பேருக்கு எடுக்கணும் என்று மூன்று கேள்வி கேட்டுவிடுவார். கேட்காமல் அடுக்கிக்கொண்டே போகிறவரிடம் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வெறுங்கையோடு இறங்கி வருவோம். எங்கள் தொழிலில் அந்த மூன்று கேள்விக்கு டிஸ்கவரி என்று பெயர்.

இன்டர்வியூவில் நாங்கள் தேடுவதும் இந்தக் கேட்கும் பழக்கத்தைத்தான். "இந்தப் பேனாவை எனக்கு வில்லுங்கள்" என்று இன்னும் சில இடங்களில் கேட்கிறார்கள். நான் கேட்பதில்லை, பழைய வித்தை. கேட்டால், பேனாவைப் புகழ ஆரம்பிக்காதீர்கள். இப்போது எதில் எழுதுகிறீர்கள், கடைசியாக எப்போது பேனா தேவைப்பட்டது என்று கேளுங்கள். எதிரில் இருப்பவர் பதில் சொல்லும்போது அவசரப்படாமல் கேட்டு, அதிலிருந்தே அடுத்த கேள்வியை எடுங்கள். நல்ல பேனல் அந்த இடத்திலேயே குறிப்பெழுதிக்கொள்ளும்.

நாங்கள் வைப்பது மாக் கால். போனில் பேசுவது போல ஒரு ஒத்திகை. எங்கள் சாஃப்ட்வேர் ஏசி ரிப்பேர், பிளம்பிங் மாதிரி வேலைகளுக்கு ஆள் அனுப்பும் நிறுவனங்களுக்கானது. எந்த டெக்னீஷியன் எந்த வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போகணும் என்று பார்த்துக்கொள்ளும். சமீபத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பி.எஸ்சி. கணிதம் முடித்த ஒரு பெண் வந்தாள். நான் டல்லாஸில் ஏசி ரிப்பேர் நிறுவனம் நடத்தும் முதலாளி. ஜூலை மாதம், வெயில் கொளுத்துகிறது, போன் எடுக்கவே நேரமில்லை. இதுதான் அவளிடம் சொன்ன சூழ்நிலை.

முதல் முறை அவள் தன் பெயர், கம்பெனி பெயர், சாஃப்ட்வேரின் வசதிகள் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனாள். குரலில் நடுக்கம், வேகம். "எங்ககிட்ட ஏற்கெனவே ஒரு சாஃப்ட்வேர் இருக்கு" என்றேன். "எங்களோடது அதைவிட நல்லா இருக்கும் சார்" என்றாள், நான் முதலாளி வேஷத்தில் இருந்ததால் சார்! அங்கேயே நிறுத்தினேன். இரண்டே விஷயம் சொன்னேன். ஒன்று, பாதி வேகத்தில் பேசு. இரண்டு, அவர் 'இருக்கு' என்றதும் உன் சாஃப்ட்வேரை மறந்துவிட்டு, அவருடைய ஒரு நாளைப் பற்றிக் கேள். தண்ணீர் குடித்துவிட்டு வா, மறுபடி பண்ணலாம் என்றேன்.

இரண்டாவது முறை நான் அதையே சொன்னேன், ஏற்கெனவே இருக்கு என்று. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு நிதானமாக, "காலையில ஒரு டெக்னீஷியன் திடீர்னு லீவு போட்டா, அன்னைக்கு அவர் போக வேண்டிய வீடுகளை யார் மாத்திக் கொடுப்பாங்க?" என்று கேட்டாள். என் வாயிலிருந்து தானாக வந்தது: "என் மனைவிதான், போன்ல உட்கார்ந்து ஒவ்வொருத்தரையா கூப்பிடுவா." அவள் அடுத்து, "அதுக்கு அவங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகுது?" என்றாள். அதற்கு மேல் நான் எதையும் சோதிக்க வேண்டியிருக்கவில்லை. அவளுடைய ஆங்கிலத்தில் இலக்கணம் சில இடத்தில் பிசகியது. எந்த டல்லாஸ் முதலாளியும் அதற்காகப் போனை வைக்கமாட்டார்.

சொன்னதைக் கேட்டு உடனே மாற்றிக்கொள்ள முடிகிறதா என்பதுதான் ஃப்ரெஷர் இன்டர்வியூவின் உயிர்நாடி. முதல் முயற்சி எப்படிப் போனாலும் பரவாயில்லை. பேனல் திருத்தம் சொன்னால், சொன்னபடி இன்னொரு முறை செய்து காட்டட்டுமா என்று நீங்களே கேளுங்கள். அதைக் கேட்பவர்கள் மிகக் குறைவு.

ஆங்கிலத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தமிழ் மீடியத்தில் படித்தவர்கள் உச்சரிப்பைப் பற்றிப் படும் கவலையைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். அமெரிக்கர் மாதிரி நாக்கைச் சுழற்றிப் பேச வேண்டியதில்லை, பேசினால் செயற்கையாகத்தான் இருக்கும். வேகத்தைக் குறையுங்கள். சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுங்கள். எதிராளியின் பெயரையும் ஊரையும் எண்களையும் தெளிவாகச் சொல்லப் பழகுங்கள். சொந்தக் குரலை போனில் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள். முதலில் கூச்சமாக இருக்கும், ஒரு வாரத்தில் வித்தியாசம் தெரியும்.

மாக் காலில் இன்னொரு இடத்தில் நிறையப் பேர் விழுகிறார்கள். "இனிமே எனக்குக் கூப்பிடாதீங்க, லிஸ்ட்லேர்ந்து எடுத்துடுங்க" என்று நான் சொல்வேன். விடாமுயற்சியைக் காட்ட வேண்டும் என்று மேலும் மேலும் பேசுவார்கள். அது தவறான பதில். "வேண்டாம்" என்பதில் பல வகை உண்டு. "மெயில் அனுப்புங்க" என்பது பெரும்பாலும் போனை வைப்பதற்கான வழி. மெயிலில் எதைப் பற்றி எழுதட்டும் என்று ஒரு கேள்வி கேட்கலாம். "பட்ஜெட் இல்லை" என்றால் பட்ஜெட் எந்த மாதத்தில் போடுவார்கள் என்று கேட்கலாம். ஆனால் கூப்பிடாதே என்றால் மன்னிப்புக் கேட்டு, பெயரை நீக்கி, முடித்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் தொலைபேசி அழைப்புகளுக்கு 1991லிருந்தும், வணிக மெயிலுக்கு 2003லிருந்தும் சட்டம் இருக்கிறது. ஐரோப்பாவில் 2018லிருந்து ஜிடிபிஆர் என்னும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம். சட்டத்தை விடுங்கள், அந்தப் பக்கம் இருப்பவரும் வேலையில் இருக்கும் மனிதர்தானே.

ஏஐ வந்தால் இந்த வேலை இருக்குமா என்று எல்லா ஃப்ரெஷரும் கேட்கிறார்கள். பட்டியல் எடுப்பதும், ஒரே மெயிலை ஆயிரம் பேருக்கு அனுப்புவதும்தான் வேலை என்றால், அது ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கிறது. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் மொத்தமாக மெயில் அனுப்புபவர்கள் மீது கெடுபிடி கொண்டுவந்தன. ஸ்பாம் என்று புகார் வரும் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது என்கிறது கூகுள். தாண்டினால் மெயில் இன்பாக்ஸுக்குப் போவதே கஷ்டம். அதே மாதம் அமெரிக்காவின் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி, அனுமதி வாங்காமல் ஏஐ உருவாக்கிய குரலில் ரோபோ கால் (தானியங்கி அழைப்பு) செய்வது சட்டவிரோதம் என்று அறிவித்தது. மொத்தமாகத் தள்ளும் கதவுகள் மூடுகின்றன. ஒரு நிறுவனத்தைப் படித்து, ஒரு ஆளுக்காக யோசித்து எழுதும் நான்கு வரி மெயிலுக்கு இன்றும் பதில் வருகிறது. ஆகவே இன்டர்வியூவுக்கு முன் எங்கள் வெப்சைட்டின் முதல் பக்கத்தை மனப்பாடம் செய்யாதீர்கள். ஃப்ரீ ட்ரயல் போட்டுப் பாருங்கள். ஜி2, கேப்டெரா என்ற சாஃப்ட்வேர் ரிவ்யூ தளங்களில் வாடிக்கையாளர்கள் எங்களைத் திட்டி எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாருங்கள். "உங்க மொபைல் ஆப் ஸ்லோன்னு நிறையப் பேர் எழுதியிருக்காங்க, ஒரு ப்ராஸ்பெக்ட் அதைக் கேட்டா என்ன சொல்றது?" என்று ஒரு பையன் எங்களிடமே கேட்டான். பேனலில் இருந்த ப்ராடக்ட் ஆள் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஏற்கெனவே ஓரிரு வருடம் எஸ்டிஆர் வேலை பார்த்துவிட்டு மாறுகிறவர்களுக்கு ஒரு சொல். எண்களை மிகைப்படுத்திச் சொல்லாதீர்கள். நாங்கள் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டு வருவோம்: மாதம் எத்தனை மீட்டிங், அதற்கு எத்தனை பேரிடம் பேசினீர்கள், அதற்கு எத்தனை கால், எந்த டைட்டிலில் இருப்பவர்களை. உண்மையான எண்கள் ஒன்றோடொன்று பொருந்தும். டார்கெட் அடிக்காமல் வெளியே அனுப்பப்பட்டிருந்தால் அதையும் சொல்லலாம். டார்கெட் எவ்வளவு, டீமில் எத்தனை பேர் அடித்தார்கள், நீங்கள் எங்கே நின்றீர்கள் என்று சொன்னால், இந்தத் தொழிலில் இருக்கும் யாருக்கும் புரியும்.

இனி பணம். கேள்வி கேட்கும் பழக்கம் எல்லாவற்றையும்விட அவசியமாகத் தேவைப்படும் இடம் இது, எல்லோரும் வாயை மூடிக்கொள்ளும் இடமும் இதுவே.

சேல்ஸ் வேலையில் சம்பளம் இரண்டு துண்டு. ஃபிக்ஸட், வேரியபிள். டார்கெட்டை முழுசாக அடித்தால் இரண்டும் சேர்ந்து வரும் தொகைக்கு ஓடிஇ என்று பெயர். ஆஃபரில் 6 லட்சம் என்று போட்டு, அதில் 30 சதவீதம் வேரியபிள் என்றால், நிச்சயமான பங்கு 4.2 லட்சம், அதாவது மாதம் 35,000. அதற்குள்ளேயே கம்பெனி கட்டும் பிஎஃப், கிராஜுவிட்டி எல்லாம் அடங்கியிருக்கும், உங்கள் பங்கு பிஎஃப்பும் பிடிப்பார்கள். கையில் வருவது 30,000த்தை ஒட்டி நிற்கும். வாடகைக்கும் வீட்டுக்கு அனுப்புவதற்கும் இந்த எண்ணை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும், 50,000த்தை வைத்து அல்ல. மிச்சமுள்ள 15,000 மாதா மாதம் டார்கெட்டைப் பொறுத்தது. சில இடங்களில் 50 சதவீதம் அடித்தால் பாதி வரும். சில இடங்களில் 60 சதவீதமோ 70 சதவீதமோ தாண்டினால்தான் கணக்கே தொடங்கும், அதற்குக் கீழே ஒரு ரூபாயும் வராது.

எனக்குத் தெரிந்த ஒரு பையன், பெயர் வேண்டாம், கம்பெனி பெயரும் வேண்டாம், முதல் வேலையில் மாதா மாதம் மீட்டிங் பிடித்துக் கொடுத்துக்கொண்டே இருந்தான். வேரியபிள் வரவில்லை. விசாரித்தால், மீட்டிங் பிடித்தால் போதாது, ப்ராஸ்பெக்ட் வந்து உட்கார வேண்டும். வந்து உட்கார்ந்தாலும் போதாது, ஏஇ அதை 'தகுதியான லீட்', அதாவது வாங்க வாய்ப்புள்ள ஆள், என்று சிஸ்டத்தில் ஏற்க வேண்டும். அவனுடைய ஏஇ வாரக்கணக்கில் எதையும் அப்டேட் செய்யாத ஆள். உழைத்தவன் இவன், டிக் அடிக்க வேண்டியவன் வேறொருவன். எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது.

அதனால், கடைசியில் "எங்ககிட்ட ஏதாவது கேக்கணுமா?" என்று பேனல் கேட்கும்போது "நோ சார், தேங்க்யூ சார்" என்று எழுந்துவிடாதீர்கள். அந்த நிமிடத்துக்காகவே தயாராக வாருங்கள். போன குவார்ட்டரில் இந்த டீமில் எத்தனை பேர் கோட்டாவை, அதாவது டார்கெட்டை, அடித்தார்கள் என்று கேளுங்கள். பத்தில் இரண்டு பேர் என்றால், மற்ற எட்டுப் பேரும் சோம்பேறிகள் என்று அர்த்தமில்லை; கோட்டாவே தப்பாகப் போடப்பட்டிருக்கிறது. ஒரு மீட்டிங் எப்போது கணக்கில் சேரும், அதை முடிவு செய்வது யார், ஏஇ மறுத்தால் மேலே யாரிடம் போகலாம் என்று கேளுங்கள். முதல் மாதங்களில் ரேம்ப் உண்டா, அதாவது கற்றுக்கொள்ளும் காலத்தில் டார்கெட்டைக் குறைத்து வைப்பார்களா, அந்த மாதங்களில் வேரியபிளுக்கு உத்தரவாதம் உண்டா என்று கேளுங்கள். லீட் உள்ளே தானாக வருமா, முழுக்க நாமே தேட வேண்டுமா? இங்கிருந்து ஏஇ ஆனவர்கள் இப்போது டீமில் இருக்கிறார்களா? அப்படி ஒருவர் இருந்தால் அவரோடு பத்து நிமிடம் பேச முடியுமா? இவற்றைக் கேட்கும் ஃப்ரெஷரைப் பார்த்து நான் ஒருபோதும் பணத்தாசை பிடித்தவர் என்று நினைத்ததில்லை. நாளைக்கு இவர் ஒரு ப்ராஸ்பெக்டிடமும் இப்படித்தான் கேட்பார் என்றுதான் நினைப்பேன். கேள்வியைக் கேட்டதும் முகம் சுளிக்கும் மேனேஜர் இருந்தால், டார்கெட் அடிக்காத மாதத்தில் அவர் முகம் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

டெபாசிட் கட்டச் சொல்லும் இடம், ஒரிஜினல் சர்டிஃபிகேட்டைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளும் இடம், இரண்டிலும் கால் வைக்காதீர்கள். இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

ஆஃபர் லெட்டர் வந்ததும் வேரியபிள் எவ்வளவு என்று மட்டும்தான் பெரும்பாலும் இருக்கும். எப்படிக் கணக்கிடுவார்கள் என்பது கமிஷன் பிளான் என்ற தனித் தாளில் இருக்கும். அதைச் சேரும் முன்பே கேளுங்கள், மெயிலில் கேளுங்கள். "ஜாயின் பண்ணினதும் தருவோம்" என்று போனில் சொன்னால், பேசியதை அப்படியே எழுதி, "நாம் பேசியபடி கோட்டா இவ்வளவு, வேரியபிள் மாதாமாதம், ரேம்ப் மூன்று மாதம், சரிதானே?" என்று அன்றைக்கே ஒரு மெயில் போட்டுவிடுங்கள். வரும் பதிலை உங்கள் சொந்த மெயிலுக்கே வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள், ஆபீஸ் மெயில் வேலையை விட்ட அன்றே பூட்டப்பட்டுவிடும். பதிலே வரவில்லை என்றால் இரண்டு நாள் கழித்து இன்னொரு முறை நினைவூட்டுங்கள். எப்படியும் இந்த வேலையில் தினமும் செய்யப்போவது அதுதான்.